பன்வாரி தேவி: குமரி மாவட்டக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் சுய உதவிக் குழுக்கள், அன்பியங்கள் (கத்தோலிக்கக் குடும்பக் குழுக்கள்), சபைப் பெண்கள் சங்கங்கள், கல்லூரி மாணவிகள் என்று பலரிடமும் பன்வாரி தேவியைப் பற்றிப் பேசி வருகிறோம். பேசி முடித்ததும் கேள்வி வரும். சிலர் கூட்டத்திலேயே கேட்பார்கள். முக்கியமான கேள்விகளை மட்டும் வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் வைத்து மெதுவாகக் கேட்பார்கள். இரண்டு வகையும் இங்கே இருக்கிறது.

பன்வாரி தேவி யார்?

ராஜஸ்தான் மாநிலத்தில், ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பட்டேரி என்ற கிராமத்துக்காரர். மண்பாண்டம் செய்யும் கும்ஹார் சாதியில் பிறந்தவர், பெரிய படிப்பு கிடையாது. ராஜஸ்தான் அரசு 1984-இல் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 1985 முதல் ‘சாத்தின்’ என்ற ஊர்நிலைப் பணியாளராக இருந்தார். கூலி, குடிநீர், பெண் பிள்ளைகளின் படிப்பு, குழந்தைத் திருமணம் என்று வீடு வீடாகப் போய்ப் பேசுவது வேலை. சம்பளம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சொற்ப மதிப்பூதியம். நம்மூர் அங்கன்வாடி அக்காவையும் சுய உதவிக் குழுத் தலைவியையும் ஒருவராக நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

1992-இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு அட்சய திருதியையை ஒட்டி, ஊரில் செல்வாக்குள்ள ஒரு குடும்பத்தில் ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தைக்குக் கல்யாணம் வைத்தார்கள். பன்வாரி போய்ப் பேசிப் பார்த்தார், கேட்கவில்லை. போலீஸ் வந்தது, போனது. அப்புறம் கல்யாணமும் நடந்து முடிந்தது. ஆக, அவர் அதைத் தடுக்கக்கூட இல்லை, தடுக்க முயன்றார், அவ்வளவுதான். அதற்கே ஊர் அவரை ஒதுக்கியது. பால் விற்க மறுத்தார்கள், அவர் செய்த பானையை வாங்க மறுத்தார்கள்.

செப்டம்பர் 22 மாலை. வயலில் கணவர் மோகனுடன் வேலை செய்துகொண்டிருந்தபோது ஐந்து பேர் வந்து மோகனை அடித்துப் போட்டுவிட்டு பன்வாரியைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள் என்பது அவருடைய புகார். அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. விவரிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான், ஏனென்றால் அவற்றைச் செய்தவர்கள் எல்லாரும் ‘சாதாரண’ ஆட்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும் என்றார்கள். மாஜிஸ்திரேட்டோ வேலை நேரம் முடிந்துவிட்டது என்றார். மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது 52 மணி நேரம் ஓடிப்போயிருந்தது. காவல் நிலையத்தில் சாட்சியப் பொருள் என்று பாவாடையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், மாற்றுத்துணி தரவில்லை. கணவரின் ரத்தக்கறை படிந்த தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு, நள்ளிரவுக்கு மேல் பக்கத்துக் கிராமத்திலிருந்த இன்னொரு சாத்தின் வீட்டுக்கு நடந்தே போனார். அந்த இன்னொரு சாத்தினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு என்ன ஆனது?

சிபிஐக்கு மாறியது. 1993 டிசம்பரில் ஜாமீன் மனுவை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குப் பழிவாங்கவே இது நடந்தது என்று கருதி ஜாமீனை மறுத்தார். ஆனால் 1995 நவம்பர் 15 அன்று ஜெய்ப்பூர் அமர்வு நீதிமன்றம் ஐந்து பேரையும் வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அடித்தது, கூட்டுச்சதி போன்ற சிறிய குற்றங்களுக்கு மட்டும் தண்டனை. சொன்ன காரணங்களைக் கேளுங்கள்: மேல்சாதிக்காரர்கள் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட மாட்டார்கள், நெருங்கிய உறவுக்கார ஆண்கள் சேர்ந்து இப்படிச் செய்ய மாட்டார்கள், கணவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது பெண்கள் சிரித்துவிடுகிறார்கள். கோபச் சிரிப்புதான்.

மேல்முறையீடு செய்தார்கள். சம்பவம் நடந்து 15 ஆண்டு கழிந்து 2007 வந்தபோதும் உயர் நீதிமன்றத்தில் அது ஒரே ஒரு முறைதான் விசாரணைக்கு வந்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டு பேர் அதற்குள் செத்தும் போயிருந்தார்கள்.

தோற்றுப்போன வழக்குதானே? அப்புறம் எப்படி முன்மாதிரி?

அவருடைய வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஜெய்ப்பூரிலிருந்த ‘விசாகா’ உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு வேலையைச் செய்ததற்காகத்தான் ஒரு பெண் தாக்கப்பட்டாள், வேலை கொடுத்தவருக்கு அதில் பொறுப்பே இல்லையா என்பது கேள்வி. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு, பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுப்பதும் புகாரை விசாரிப்பதும் முதலாளியின் கடமை என்று நெறிமுறைகள் வகுத்தது. அதுதான் 2013-இல் நாடாளுமன்றச் சட்டமாக ஆனது. இன்று இந்தியாவில் எந்த அலுவலகத்திலாவது ஒரு பெண் உள்ளகப் புகார் குழுவிடம் மனு கொடுக்கிறாள் என்றால், அதன் ஆரம்பம் பட்டேரி வயலில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பில் பன்வாரியின் பெயர்கூட வராது. ராஜஸ்தான் கிராமத்தில் ஒரு சமூகப் பணியாளர் என்றுதான் இருக்கும். அவருக்கு அதனால் ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. ஊரை விட்டும் அவர் போகவில்லை. எதிராளிகளின் குடும்பங்கள் இருக்கும் அதே ஊரில் இருந்துகொண்டு சாத்தின் வேலையைத் தொடர்ந்தார். 1994-இல் நீரஜா பனோத் விருது பெற்றார், 1995-இல் பெய்ஜிங் உலகப் பெண்கள் மாநாட்டுக்கும் போய் வந்தார்.

ராஜஸ்தான் கதை நமக்கு எதற்கு? இது படித்தவர்கள் நிறைந்த மாவட்டம் அல்லவா?

படித்தவர்கள்தான். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். பெருமைப்படலாம். ஆனால் படிப்பு கூடினால் மானத்தைப் பற்றிய பயமும் கூடவே ஏறிவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு. “நர்சிங் படிக்கிற பிள்ளை, வெளியே தெரிஞ்சா கல்யாணம் எப்படி நடக்கும்?” என்ற பேச்சு பட்டேரியில் எழ வழியில்லை, இங்கே எழும்.

இன்னொன்று, பெண்ணின் உடம்பை வைத்து ஊர் அதிகாரம் காட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. கல்குளம், இரணியல் பகுதிகளில் 1822-இல் தொடங்கி, மார்பை மறைத்துத் துணி உடுத்தியதற்காகவே சந்தையில் பெண்களின் சீலையைக் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல கட்டமாக நடந்து, சென்னை ஆளுநர் டிரவெலியனின் அழுத்தத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்றுதான் திருவிதாங்கூர் மன்னர் சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. சீலை கிழிபட்ட அந்தப் பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? பாட்டிமார் கதையில் இருப்பார்கள், பாடப்புத்தகத்தில் இல்லை.

பாதிக்கப்பட்ட எல்லாப் பெண்களும் பன்வாரியைப் போலத் துணிந்து நிற்க வேண்டும் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு பெண் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது, பன்வாரி தேவியைப் பார், நீயும் தைரியமாக இரு என்று சொல்வது கொடுமை. அவளுக்கு அப்போது வேண்டியது வீரக்கதை இல்லை. பன்வாரியின் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் பன்வாரியுடையது அல்ல, நள்ளிரவில் கதவைத் திறந்த அந்தப் பக்கத்து ஊர் சாத்தினுடையது. சுகாதார நிலையம், ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட், காவல் நிலையம் என்று நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிய பிறகு திறந்த ஒரே கதவு அது. அவர் பெயரை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அந்த வேலையை நம்மில் யார் வேண்டுமானாலும் செய்ய முடியும். சட்டம் தெரிய வேண்டாம், மேடையில் பேசத் தெரிய வேண்டாம். ஒரு மாற்றுச் சேலையும் ஆட்டோவுக்குக் கொஞ்சம் காசும், நடந்ததைத் திருப்பித் திருப்பிக் கேட்காத வாயும் இருந்தால் போதும்.

ஒரு பெண் வந்து சொன்னால் முதலில் என்ன சொல்வது?

“மக்ளே, நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை. இப்போ உனக்கு என்ன வேணும்?” அவ்வளவு போதும். ஏன் அந்த நேரத்தில் போனாய், ஏன் அப்போதே கத்தவில்லை, என்ன உடுத்தியிருந்தாய் என்ற கேள்விகள் வேண்டாம். பயத்தில் உடம்பு விறைத்துப்போய்க் குரலே எழாமல் போவது பலருக்கும் நடப்பது.

அழாமல் சிரித்துக்கொண்டே சொல்கிற பெண்களும் உண்டு. ‘இவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மைனியிடம் சொன்னால் அது அரை மணி நேரத்தில் கொழுந்தனிடம் போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருக்கும். அதனால் யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? குளித்துவிட்டாளே?

குளித்திருந்தாலும் போகலாம், போக வேண்டும். முடிந்தால் குளிக்கும் முன்பே போவது சாட்சியத்துக்கு நல்லது. போட்டிருந்த துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், காகிதப் பையில் அல்லது பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

ஆனால் சாட்சியத்தை விட உடம்பு முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நமக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக உடனே தர வேண்டும், “முதலில் எஃப்ஐஆர் கொண்டுவா” என்று திருப்பி அனுப்பினால் அதுவே குற்றம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அது சட்டப்படி. ஆனால் பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும். பரிசோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. இருவிரல் சோதனை செய்தால் அது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் மறுபடியும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அதைத் தடுக்கச் சொல்லியிருந்தது.

காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் ரசீது (மனு வந்தது என்பதற்கான ரசீது) மட்டும் கொடுத்து அனுப்பினால்?

அது போதாது. இதுபோன்ற குற்றத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். “இது எங்கள் எல்லை இல்லை, குளச்சல் ஸ்டேஷனுக்குப் போ” என்றும் சொல்ல முடியாது. எங்கே புகார் கொடுத்தாலும் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், அவள் விரும்பினால் வீட்டிலேயே, துணைக்கு ஆள் இருக்க எழுதலாம்.

துணைக்குப் போகிறவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருவதும் பெரிய உதவிதான். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு 181 வழியாகவே இணைப்பார்கள்.

ஊரிலேயே பேசி முடித்துக்கொள்ளலாமே? கோர்ட், கேஸ் என்று எதற்கு அலைய வேண்டும்?

செருப்பு மாட்டும் இடத்தில் அதிகம் வரும் கேள்வி இதுதான். கடலோர ஊர்களில் ஊர்க் கமிட்டி, உள்ளே போனால் சாதிச் சங்கம், சில இடங்களில் கட்சிக்காரர். வேலித் தகராறையும் வலைத் தகராறையும் இவர்கள் பேசித் தீர்ப்பதில் தவறில்லை, பல நேரம் நன்றாகவே தீர்க்கிறார்கள்.

இதில் முடியாது. வன்கொடுமை இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலுள்ள தகராறு இல்லை, அரசுக்கு எதிரான குற்றம். சமரசம் செய்து முடிக்க சட்டத்தில் இடமே இல்லை. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் குற்றவாளிக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசச் சொன்னது. அந்தப் பெண் அப்போது ஒரு குழந்தைக்குத் தாய். நாடே கொந்தளித்தது. இத்தகைய வழக்குகளில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கண்டித்ததும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

பேசி முடிப்பது என்றால் நடைமுறையில் என்ன? பெண்ணின் அப்பாவும் மாமாவும் ஒரு பக்கம், அவன் வீட்டார் எதிர்ப்பக்கம். மேசையில் டீ. ஒரு தொகை பேசுவார்கள், அல்லது “அவனுக்கே கட்டி வச்சிரலாம்” என்பார்கள். அந்த அறையில் அந்தப் பெண் இருக்க மாட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோயில் முற்றத்தில் எப்போதும் போல நிற்பான், அவள்தான் வீட்டுக்குள் இருப்பாள். அவள் கேஸ் வேண்டாம் என்று தானாக முடிவு செய்தால் அது வேறு, அதை மதிக்க வேண்டும். ஊர் அவளுக்காக முடிவு செய்வதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

நான் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். இந்தச் சட்டம் எனக்கும் உண்டா?

உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். முந்திரி ஆலை, ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, எல்லாமே. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். குழு வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

அண்டி ஆபீசில் தொந்தரவு பெரும்பாலும் எடை போடும் மேசையில்தான் தொடங்குகிறது. கையெல்லாம் கறையும் சாம்பலுமாக, உடைத்த பருப்பைக் கொண்டுவந்து வைக்கும்போது தராசு யார் கையில் இருக்கிறதோ அவன் ராஜா. சிரித்துப் பேசினால் எடை ஏறும், முறைத்தால் உடைசல் அதிகம் என்று கழித்துவிடுவான். கையைத் தொட்டால்தான் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். ஆபாசப் பேச்சும், இணங்கினால் சலுகை என்ற சாடையும் சட்டத்துக்குள் வரும்.

பத்துப் பேருக்குக் குறைவான இடம், வீட்டு வேலை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். கலெக்டர் அலுவலகத்திலுள்ள சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பெயரைச் சொல்லக் கூடாது என்கிறீர்கள், பன்வாரி பெயரை மட்டும் சொல்கிறீர்களே?

அவர் தானாகவே முன்வந்து முகத்தைக் காட்டிப் பேசியவர், அது அவருடைய உரிமை. வேறு யாருடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பெயரை விட்டுவிட்டு, இன்ன ஊர், இன்ன கல்லூரி, அப்பா இன்ன வேலை என்று வாட்ஸ்அப்பில் போடுவதும் அதே குற்றம்தான். 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் காவல்துறை அதிகாரியே பெண்ணின் பெயரை வெளியே சொன்னார், அரசாணையிலும் அது வந்தது. இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் அந்த வழக்கில் சாட்சி சொன்ன பெண்கள் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பொய்ப் புகார் கொடுக்கிறவர்கள் இல்லையா?

எல்லாச் சட்டத்திலும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் விசாரணை. நம் வீட்டுத் திண்ணையில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

மோகனைப் பாருங்கள். ‘கணவன் சும்மா இருந்திருப்பானா’ என்று நீதிமன்றமே ஏளனமாகக் கேட்ட மனிதர். அடிபட்டவர், அவமானப்பட்டவர், ஊர் விலக்கிவைத்ததில் பாதியைச் சுமந்தவர். மனைவியை விட்டுப் போகவில்லை, புகாரைத் திரும்பப் பெறச் சொல்லவும் இல்லை. நம் ஆண்களிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் அரிவாளைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். “அவனை வெட்டிட்டு வாறேன்” என்று கிளம்புகிறவரைச் சமாதானப்படுத்தும் வேலையும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அண்ணா, அரிவாள் வேண்டாம். விசாரணை நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு கோர்ட் வராந்தாவில் அவளோடு உட்காருங்கள்.

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால்?

18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம். தெரிந்த எவரும் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர், மருத்துவர், சாமியார், சித்தப்பா யாருக்கும் விலக்கில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தையை ஸ்டேஷனில் வைத்து விசாரிக்கக் கூடாது, அதிகாரி சீருடையிலும் வரக் கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லை.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 எண்ணிலும் கேட்கலாம். இழப்பீட்டு மனுவும் அவர்களிடம்தான். தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018 திட்டம் வன்கொடுமைக்கு நான்கு லட்சம் முதல் ஏழு லட்சம் வரை என்று வரம்பு சொல்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால உதவியும் கேட்கலாம்.

பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது சொன்னால் யாராவது கேட்பார்களா?

வன்கொடுமைக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது, இப்போதும் புகார் கொடுக்கலாம். சாட்சியம் சேர்ப்பது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். புகாரே வேண்டாம், யாரிடமாவது சொன்னால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. வாருங்கள், கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் கொஞ்ச நேரம் இருப்போம்.